"நைட் ஷிஃப்ட் கூடிவிட்டது, விசா அவர்கள் கையில்": இங்கிலாந்து வேலையிடத்தில் இனப்பாகுபாட்டை எப்படி எதிர்கொள்வது?

கேள்வி: மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த நான் இங்கிலாந்தில் ஒரு தனியார் கேர் ஹோமில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவர் ஐந்து மாதமாக என் உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரிக்கிறார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். மார்ச் 10 அன்று, அங்கே தங்கியிருக்கும் ஒரு பாட்டியின் மகன் "அந்தக் கறுத்த பெண் என் அம்மாவைத் தொடக் கூடாது" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் மறுபேச்சில்லாமல் என்னை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார். "என் நிறத்துக்காகத்தானே மாற்றினீர்கள்?" என்று கேட்டேன். "மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நைட் ஷிஃப்ட் கூடிவிட்டது. ரெக்கார்டிங் எதுவும் என்னிடம் இல்லை. வழக்குப் போட முடியுமா? பொறுத்துப் போவதுதான் நல்லதா?

பதில்: முடியும். நீங்கள் சொல்லியிருப்பதில் ஒன்றல்ல, மூன்று தவறுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் "பாகுபாடு காட்டுகிறார்கள்" என்று எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும். தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்குச் சட்டமும் வேறு, போக வேண்டிய அமைப்புகளும் வேறு. அவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

உச்சரிப்பைக் கேலி செய்வதும் மூக்கைப் பொத்துவதும் பிரிவு 26-ன்படி இனரீதியான தொல்லை. நிறம், தேசம், இனப் பூர்விகம் ஆகிய எல்லாமே இந்தச் சட்டத்தில் 'இனம்' என்ற தலைப்புக்குள் வருகின்றன. கேலி செய்தவரின் நோக்கம் மட்டும் அளவுகோல் அல்ல. அந்த நடத்தை உங்கள் கண்ணியத்தைக் குலைத்ததா, வேலையிடத்தை உங்களுக்கு அவமானமான இடமாக ஆக்கியதா என்றும் பார்ப்பார்கள். அதனால் "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. போதிய அளவு கடுமையானதாக இருந்தால் ஒரே ஒரு சொல்கூடப் போதும்.

மாடி மாற்றியது பிரிவு 13-ன்படி நேரடிப் பாகுபாடு. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். இனவெறியோடு பேசியது அந்த மகன், மேனேஜர் நல்லவர்தான், பிரச்சினை வேண்டாமென்று மாற்றினார் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் நிறத்தைக் காரணமாக வைத்து உங்களை இடம் மாற்றும் முடிவை எடுத்தது நிறுவனம். வாடிக்கையாளர் கேட்டார் என்பது அதற்குச் சமாதானம் இல்லை. உங்கள் நன்மைக்காகவே மாற்றினேன் என்பதும் இல்லை. உங்கள் வழக்கில் மிகவும் வலுவான பகுதி இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

நீங்கள் கேட்ட பிறகு நைட் ஷிஃப்ட் கூடியது பிரிவு 27-ன்படி பழிவாங்கல். வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: புகாரில் இனம், நிறம் என்ற பேச்சு இருந்திருக்க வேண்டும். "என்னை சரியாக நடத்தவில்லை", "டார்ச்சர் செய்கிறார்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் பிரிவு 27 கைகொடுக்காது. நீங்கள் "என் நிறத்துக்காகத்தானே" என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. இனி எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அந்த வார்த்தை இருக்கட்டும். மரியாதைக்காகவோ பயத்திலோ அதை மழுப்பி எழுதுவதால் வீணான புகார்கள் ஏராளம்.

அந்த மகன் உங்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு நிறுவனமே பொறுப்பா என்பது கொஞ்சம் சிக்கலான கேள்வி. வெளியாட்கள் செய்யும் தொல்லைக்கு முதலாளியைப் பொறுப்பாக்கிய பிரிவு 2013-ல் நீக்கப்பட்டது. 2025-ல் நிறைவேறிய வேலை உரிமைகள் சட்டம் அந்தப் பொறுப்பைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஆனாலும் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பின் நடப்பவற்றுக்கே அது உதவும். ஆகவே மகனின் சொல்லை விட மேனேஜரின் முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தங்கியிருக்கும் முதியவரே மறதி நோயால் அப்படிப் பேசினால் கதை வேறு. அவரைக் குற்றவாளியாக்க முடியாது. அதற்காக "அவருக்கு மறதி, சகித்துக்கொள்" என்று உங்களை விட்டுவிடவும் முடியாது. அபாய மதிப்பீடு எழுதுவது, இருவராக அறைக்குள் போவது, நடந்ததைப் பராமரிப்புத் திட்டத்தில் பதிவது எல்லாம் நிறுவனத்தின் வேலை. அரசு மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 2020 ஏப்ரல் முதல், ஊழியர்களிடம் இனவெறியோடு நடந்துகொள்பவர்களுக்கு அவசரமற்ற சிகிச்சையை என்.ஹெச்.எஸ். டிரஸ்ட்கள் மறுக்கலாம். உங்களுடையது தனியார் இல்லம் என்பதால் அங்குள்ள சொந்தக் கொள்கை ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் நாள்காட்டி

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வேலைத் தீர்ப்பாயத்தில் பாகுபாட்டு வழக்குக்கு நீண்டகாலமாக இருந்துவரும் கெடு, சம்பவம் நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 சம்பவத்துக்குக் கடைசி நாள் ஜூன் 9. அதற்குள் 'ஏகாஸ்' என்ற அரசு சார்ந்த இலவச சமரச அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களிடம் போகாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் மனுவைத் திருப்பிவிடுவார்கள். 2025-ம் ஆண்டுச் சட்டம் இந்தக் கெடுவை 6 மாதமாக நீட்டவும் வழிசெய்கிறது. உங்கள் சம்பவத் தேதிக்கு அது பொருந்துமா என்று ஏகாஸிடமே கேளுங்கள். பொருந்தும் என்று எழுத்தில் தெரியும்வரை மூன்று மாதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏகாஸில் பதிந்த நாளோடு கடிகாரம் நின்றுவிடும். சமரச முயற்சி முடிந்து சான்றிதழ் கையில் வந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். கெடுவுக்குள் பதிந்திருந்தால் சான்றிதழ் வந்த பிறகு குறைந்தது ஒரு மாதம் கிடைக்கும். ஜூன் 1-ல் பதிந்து ஜூலை 6-ல் சான்றிதழ் வந்தால், ஆகஸ்ட் 6 வரை மனுப்போடலாம்.

கேலி இன்றுவரை தொடர்வதால் அது தொடர்ச்சியான நடத்தையாகக் கருதப்பட்டு, கடைசிச் சம்பவத்திலிருந்து நாள் எண்ணப்பட வாய்ப்பிருக்கிறது. மாடி மாற்றத்துக்கு அந்தச் சலுகையை நம்ப வேண்டாம். அது ஒரே நாளில் எடுத்த முடிவு. நீங்கள் இன்னும் அந்த மாடியில்தான் வேலை செய்கிறீர்கள் என்பதால் மட்டும் நாள் நீளாது. நியாயமான காரணமிருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டுதான். அதை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

நல்ல வழக்குகள் செத்துப்போவதற்குப் பெரிய காரணம், உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பது. ஹெச்.ஆர். "விசாரிக்கிறோம், பொறுங்கள்" என்று கனிவாகச் சொல்வார்கள். விசாரணை, முடிவு, மேல்முறையீடு என்று நான்கு மாதம் ஓடிவிடும். உள்விசாரணை நடக்கிறது என்பதற்காகச் சட்டக் கெடு நிற்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம், நடத்துங்கள்.

ரெக்கார்டிங் இல்லை என்றால்

இனவெறியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போடுபவர் யாருமில்லை. நேரடிச் சான்று அபூர்வம் என்பது தீர்ப்பாயங்களுக்குத் தெரியும். அதனால்தான் பிரிவு 136 இருக்கிறது. வேறு விளக்கம் இல்லாவிட்டால் பாகுபாடுதான் என்று கருதும் அளவுக்கு உண்மைகளை நீங்கள் காட்டினால், அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தலையில் ஏறும். நீங்கள் சேர்க்க வேண்டியது அந்த உண்மைகளைத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு சம்பவத்தையும் அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன சொல் சொல்லப்பட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஆங்கிலத்திலேயே, அதே வார்த்தையில் எழுதுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதிய பக்கத்தால் பயனில்லை. பழைய சம்பவங்களை இப்போதுதான் எழுதுகிறீர்கள் என்றால், இன்றைய தேதியைப் போட்டு "நினைவிலிருந்து எழுதியது" என்று குறித்துவிடுங்கள். பின்தேதியிட்டு எழுதியது தெரிந்தால் நோட்டு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும். அன்றைக்குக் கணவருக்கோ தோழிக்கோ வாட்ஸ்அப்பில் புலம்பியிருப்பீர்கள் இல்லையா? அதை அழிக்காதீர்கள். சம்பவ நேரத்திலேயே எழுந்த சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். தமிழில் இருந்தாலும் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

நைட் ஷிஃப்டுக்கு ரோட்டாவே (ஷிஃப்ட் அட்டவணையே) சாட்சி. மார்ச் 10-க்கு முந்தைய 12 வாரம், பிந்தைய 12 வாரம் என்று இரண்டு பத்தி போடுங்கள். உங்களுக்கு எத்தனை நைட், அதே பொறுப்பில் உள்ள மற்றவர்களுக்கு எத்தனை நைட் என்று எண்ணி நிரப்புங்கள். பக்கம் பக்கமாக வருத்தத்தை எழுதுவதை விட இந்த ஒரு தாள் நீதிபதியிடம் அதிகம் பேசும்.

நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் மின்னஞ்சல், டீம்ஸ் செய்தி, ஹெச்.ஆர். குறிப்பு எல்லாவற்றையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். இலவசம். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். "எல்லாவற்றையும் கொடுங்கள்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். மார்ச் 1 முதல் மே 15 வரை, இன்னின்ன மூன்று பேருக்கு இடையில், என் பெயர் வரும் செய்திகள் என்று குறுக்கிக் கேளுங்கள்.

இங்கே நர்ஸ்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஆதாரம் சேர்க்கும் அவசரத்தில் நோயாளி விவரமுள்ள தாள்களைப் போட்டோ எடுப்பது, பணிக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது. அது ரகசியக் காப்பு மீறல். உங்கள் நர்ஸ் பதிவு எண்ணுக்கே ஆபத்தாக முடியலாம். நோட்டில் பெயருக்குப் பதில் அறை எண் போதும். ரகசியமாகக் குரல் பதிவு செய்வதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தீர்ப்பாயம் சில நேரம் ஏற்கும், ஆனாலும் நிறுவனம் அதையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாக்கலாம். முதியவர்கள் இருக்கும் அறையில் அறவே வேண்டாம்.

உள்புகாரை எழுதும் விதம்

கிரீவன்ஸ் கடிதம், அதாவது நிறுவனத்துக்குள் கொடுக்கும் புகார், இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சம்பவங்களைத் தேதி வரிசையில் எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் "இது இனரீதியான தொல்லை", "இது இனத்தின் காரணமான நேரடிப் பாகுபாடு", "இது பழிவாங்கல்" என்று ஒரு வரி. முடிவில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: பழைய மாடிக்குத் திரும்ப வேண்டும், ரோட்டா சமமாக வேண்டும், இனி குடும்பத்தினர் அப்படிக் கேட்டால் மேனேஜர் என்ன பதில் சொல்வார் என்பது எழுத்தில் வேண்டும். என்ன வேண்டும் என்று சொல்லாத புகாரை "இருவரும் கைகுலுக்கிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவது எளிது.

உள்புகாரே கொடுக்காமலும் வழக்குப் போடலாம். ஆனால் ஏகாஸ் வகுத்த நடைமுறையைக் காரணமின்றிப் பின்பற்றாவிட்டால் இழப்பீட்டை 25 சதவீதம் வரை குறைக்கலாம். முதலாளி மீறினால் அதே அளவு கூட்டலாம். விசாரணைக் கூட்டத்துக்கு ஒரு சக ஊழியரையோ யூனியன் பிரதிநிதியையோ கூட்டிப்போவது உங்கள் உரிமை. யூனியனில் இல்லை என்றால் இன்றே சேருங்கள். சேர்வதற்கு முன் தொடங்கிய பிரச்சினைக்குப் பெரும்பாலான யூனியன்கள் வழக்கறிஞர் வைத்துத் தருவதில்லை. ஆனாலும் இனி நடக்கப்போவதற்கு அந்த உறுப்பினர் அட்டை வேண்டும்.

இந்தச் சட்டம் யாரும் தானாகக் கொடுத்ததல்ல. 1963-ல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பர்களையும் ஆசியர்களையும் கண்டக்டர், டிரைவர் வேலைக்கு எடுக்க மறுத்தது. யூனியனும் அதற்கு உடந்தை. பால் ஸ்டீபன்சனும் அவருடைய தோழர்களும் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மாதத்தில் நிறுவனம் இறங்கிவந்தது. முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1965-ல் வந்த முதல் இன உறவுச் சட்டம் முக்கியமாகப் பொது இடங்களைத்தான் தொட்டது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் பாதுகாப்பு 1968-ல்தான் கிடைத்தது. தொழிலாளி தானே தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி திறந்தது 1976-ல். நீங்கள் பயன்படுத்தத் தயங்கும் உரிமைக்குப் பின்னால் அவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது.

விசா பயம்

பயம் நியாயமானதே. இருந்தாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் கொடுத்ததற்காக உங்கள் விசாவை ரத்துசெய்ய முதலாளிக்கு அதிகாரமில்லை. ரத்துசெய்வது ஹோம் ஆபீஸ் என்ற உள்துறை அமைச்சகம் மட்டுமே. வேலை முடிந்துபோனால், ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி) 10 வேலை நாளுக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதன் பிறகு பொதுவாக 60 நாள் அவகாசம் தந்து கடிதம் வரும். அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடித்து விண்ணப்பிக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. மனம் வெறுத்து ராஜினாமா கடிதத்தை நீட்டிவிடாதீர்கள். நீங்களே கொடுக்கும் ராஜினாமாதான் அந்த 60 நாள் கதையைத் தொடங்கிவைக்கும். புகார் ஓடும்போதே வேறு இடம் தேடுவது தவறில்லை, வழக்கையும் அது கெடுக்காது. இன்னொன்று, யாராவது "விசாவைப் பார்த்து நடந்துகொள்" என்று மிரட்டினால் அந்த வார்த்தையைத் தேதி போட்டு நோட்டில் ஏற்றுங்கள். புகாருக்குப் பின் வரும் அந்த மிரட்டல் பிரிவு 27-க்குக் கிடைக்கும் சான்று. பாகுபாட்டு வழக்குக்கு இத்தனை ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

தீர்ப்பாயம் வரை போனால்

ஏகாஸ் படிவத்தில் முதலாளியின் பெயரை போர்டில் உள்ளபடி எழுதாதீர்கள். கேர் ஹோமின் பெயர் ஒன்றாகவும், அதை நடத்தும் கம்பெனியின் பெயர் வேறாகவும் இருக்கும். பேஸ்லிப்பிலும் ஒப்பந்தத்திலும் உள்ள பெயரே சரி. ஏஜென்சி வழியாக வேலை செய்பவர்கள் இரு நிறுவனங்களையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கேலி செய்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஊழியர் செய்ததற்கு முதலாளி பொறுப்பு என்பது பிரிவு 109. ஆனால் தடுக்க எல்லா நியாயமான நடவடிக்கையும் எடுத்தோம் என்று காட்டி முதலாளி தப்பினால், அந்த நபராவது வழக்கில் மிஞ்சுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏகாஸ் சான்றிதழ் எண் வேண்டும்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. 2013-ல் விதிக்கப்பட்ட கட்டணத்தை, யுனிசன் என்ற தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் சட்டவிரோதம் என்று தள்ளிவிட்டது. தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவைப் பொதுவாக நீங்கள் கட்ட வேண்டியதில்லை, அடாவடியாக நடந்துகொண்டால் தவிர. இறுதி விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. இழந்த சம்பளம் தனி. மனக்காயத்துக்கான தொகை, 2025 ஏப்ரல் 6-ல் தொடங்கிய ஆண்டில் தொடுத்த வழக்குகளுக்கு மூன்று படிகளில் இருக்கிறது: 1,200 முதல் 12,100 பவுண்டு, அங்கிருந்து 36,400 வரை, கடுமையான வழக்குகளுக்கு 60,700 வரை. ஒவ்வோர் ஏப்ரலிலும் இது திருத்தப்படும். உங்களுடையது போன்ற விஷயம் முதல் படியின் மேற்பகுதியிலோ நடுப்படியின் தொடக்கத்திலோ நிற்கக்கூடும். பெருந்தொகையை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கம் கெட்டது, அழுதது, வேலைக்குப் போகவே பயந்தது எல்லாவற்றையும் ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) சொல்லிப் பதிவாக்கியிருந்தால் தொகையை நிர்ணயிக்க அது உதவும். "நம்மால் தாங்க முடியும்" என்று டாக்டரிடம் மறைப்பவர்கள் நம்மில் அதிகம்.

ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் லா சென்டர், சமத்துவ ஆலோசனை உதவி மையம் ஆகியவை இலவசம். வீட்டு இன்ஷூரன்ஸ் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சட்டச் செலவுக் காப்பு அதில் சேர்ந்திருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

தெருவிலோ பஸ்ஸிலோ நடப்பவை வேறு வழியில் போகும், அவை குற்றவியல் விஷயம். ஆபத்து என்றால் 999, முடிந்துபோன சம்பவத்துக்கு 101, ரயிலில் என்றால் 61016-க்கு மெசேஜ். ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கொலை பற்றிய மக்ஃபர்சன் அறிக்கை 1999-ல் வந்த பிறகு, பாதிக்கப்பட்டவரோ பார்த்தவரோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அதை அப்படியே பதிந்து விசாரிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஆகவே போலீஸிடமும் "இது இனவெறி" என்ற சொல்லைச் சொல்லுங்கள்.

எழுதாமல் விட்டாலும் பலர் மனதில் இருக்கும் கேள்வி: தொல்லை தருபவரும் நம் ஊர்க்காரராக இருந்தால்? ஒரே இனத்தவர் என்பது சட்டத்தில் தற்காப்பு இல்லை. சாதியின் பேரில் நடந்தால் நிலைமை தெளிவற்றது. பாதுகாப்புக்குரிய காரணமாகச் சாதி சட்டத்தில் தனியாகச் சேர்க்கப்படவில்லை. 2014-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதி சில சூழல்களில் 'இனப் பூர்விகம்' என்பதற்குள் வரலாம் என்றது. தனிச் சட்டம் கொண்டுவரப் போவதில்லை என்று அரசு 2018-ல் அறிவித்துவிட்டது. அப்படிப்பட்ட புகாரை வக்கீலைக் கேட்காமல் எழுத வேண்டாம்.

உங்கள் கூட வேலை செய்பவர்களில் கேலியைப் பார்த்தவர் ஒருவராவது இருப்பார். தீர்ப்பாயத்தில் வந்து சாட்சி சொல் என்று இப்போதே கேட்டால் மிரண்டுவிடுவார். "அன்றைக்கு நீங்கள் பார்த்ததை எனக்கு ஒரு மெசேஜாக அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் புகாருக்கு ஆதரவாகப் பேசுபவருக்கும் பிரிவு 27-ன் அதே பாதுகாப்பு உண்டு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.